தூக்குவாளியில் அளந்த சுண்ணாம்பு

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் மேற்குச் சுவர், தரையிலிருந்து இடுப்புயரம் வரை பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வெட்டுகல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர். எப்போதோ யாரோ அடிப்பாகத்துக்கு மட்டும் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு வந்த உப்பு உள்ளுக்குள்ளேயே படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் குமரி மாவட்டத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பையே பூசுவது என்று முடிவானது.

பூச்சு வேலையைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. வாங்கிய சுண்ணாம்பு தேறுமா தேறாதா என்று தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்ததும், அதைப் பிடித்துக்கொண்டு போனதில் சூளையில் போட்ட சூடு எங்கெங்கே போகிறது என்ற கணக்கு கைக்கு வந்ததும்தான் விஷயம்.

சுட்ட சுண்ணாம்பு என்று சொல்லி விற்கும் எல்லாமே பார்வைக்கு ஒன்றுதான். சூளையிலிருந்து வந்த அன்று அது கால்சியம் ஆக்சைடு. சாக்கில் கிடக்கக் கிடக்கக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தானாகவே நீற ஆரம்பிக்கும், அப்புறம் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டு பழையபடி கல்லின் இனமாகிவிடும். வெள்ளைப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. எங்கள் கொத்தனார் அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காது கொடுத்துக் கேட்பார். “தண்ணி பட்டதும் சீறணும் மக்கா. சூளையில கொடுத்த தீ உள்ள கெடந்தாத்தான் சீறும். சீறலேன்னா மண்ணுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல” என்றார். அவருக்கு அது போதும். எனக்கு எண் வேண்டியிருந்தது.

அந்தச் சீற்றம் என்ன என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 56 கிராம் கால்சியம் ஆக்சைடு 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீறிய சுண்ணாம்பு, ஆகும்போது சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். கிலோ கணக்கில் சொன்னால், ஒரு கிலோ சுத்தமான சுட்ட சுண்ணாம்பு நீறுகையில் ஏறத்தாழ 1,160 கிலோஜூல். ஏற்கெனவே சாக்கிலேயே நீறிப்போன பகுதி இந்த வெப்பத்தைச் சத்தமில்லாமல் கோடவுனிலேயே விட்டிருக்கும். அது திரும்ப ஒருமுறை தராது. சரியாக வேகாமல் கல்லாகவே நின்றுபோன பகுதியும் தராது. ஆக, தெரிந்த எடைச் சுண்ணாம்பைத் தெரிந்த எடைத் தண்ணீரில் போட்டு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்தால், உள்ளே உயிருள்ள சுண்ணாம்பு எவ்வளவு என்பது வந்துவிடும்.

வெப்பத்தை அளக்கும் கலோரிமானிக்கு வீட்டில் இருந்த மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளியே போதுமாக இருந்தது. குளச்சல் துறைமுகத்தில் மீன் ஐஸ் போட்டு வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, வாளியை அதற்குள் இறக்கி, சுற்றிலும் தேங்காய் நார் திணித்தேன். (வாடை முழுதாகப் போகவில்லை. அளவுக்கு அதனால் பாதகமில்லை.) மூடியில் இரண்டு துளை: ஒன்று டிஜிட்டல் தெர்மாமீட்டருக்கு, இன்னொன்று கலக்கும் கம்பிக்கு.

வாளியே கொஞ்சம் சூட்டைக் குடிக்கும். அதை முதலில் கண்டுபிடிக்காவிட்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் குறைவாகவே வரும். வாளியில் அரை கிலோ தண்ணீர், 29 டிகிரி. அதில் 60 டிகிரியில் இருந்த அரை கிலோ வெந்நீரை ஊற்றினால் நடுவில் 44.5 வர வேண்டும். 43.4-தான் வந்தது. வெந்நீர் இழந்தது 34.7 கிலோஜூல், தண்ணீர் பெற்றது 30.1. மிச்சம் 4.6 கிலோஜூல் வாளிக்குப் போயிருக்கிறது. அதை ஏறிய 14.4 டிகிரியால் வகுத்தால் டிகிரிக்கு 320 ஜூல். வாளியின் எடை 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. எவர்சில்வரை ஒரு டிகிரி ஏற்றக் கிராமுக்கு அரை ஜூல் அளவு பிடிக்கும் என்பதால் இந்த எண் நம்பும்படியாகவே இருக்கிறது.

இனி சோதனை. ஒரு கிலோ தண்ணீர், 50 கிராம் சுண்ணாம்புப் பொடி. சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால் அந்த இடத்தில் வெப்பம் போக வழியில்லாமல் கொதிநிலையைத் தாண்டி ஏறும், ஆவியோடு விழுதும் சேர்ந்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் சூடும் காரமும் சேர்ந்து விழியைத் தின்றுவிடும். பக்கவாட்டையும் மூடும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. மூடி திருகிய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்யவே கூடாது, அது வெடிக்கும்.

தண்ணீர், உருவாகும் விழுது, வாளி எல்லாம் சேர்த்து டிகிரிக்குச் சுமார் 4,510 ஜூல் பிடிக்கிறது. 50 கிராமும் சுத்தமாக இருந்தால் 58.1 கிலோஜூல் வரும்; அது 12.9 டிகிரி ஏற்றம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்து, உச்சத்துக்கு அப்புறம் ஆறும் வேகத்தையும் பார்த்து, ஆறாமல் இருந்தால் எங்கே போயிருக்கும் என்று கோட்டைப் பின்னால் இழுத்து எடுத்துக்கொண்டேன்.

கடையில் எடுத்த சாக்கு 4.1 டிகிரி ஏறியது. அதாவது நூற்றுக்கு 32. அண்ணாச்சி காதைக் கொடுத்துவிட்டு “இது செத்துப் போச்சு” என்று சொன்ன அதே சாக்கு. மணக்குடிப் பக்கம் சிப்பி சுட்டுத் தருபவரிடம் தகர டின்னில் அடைத்து வாங்கி வந்தது 10.2 டிகிரி, நூற்றுக்கு 79. எவ்வளவு வாங்குவது, எங்கே வாங்குவது என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் ஏறும் டிகிரிக்குப் பார்த்தால் டின் சுண்ணாம்பு மலிவு.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி சொன்ன “சூளையில கொடுத்த தீ” மண்டையில் நின்றுவிட்டது. சரி, சுட்டே பார்ப்போம் என்று இறங்கினேன். எங்கள் வீட்டில் சிப்பிக் கறி வைத்தால் தோடு குப்பையில்தான் போகும். அதைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, உடைத்து ஒரு கிலோ எடுத்தேன். தோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முற்றத்தில் செங்கல் அடுக்கி, உள்ளே மண் பூசி, சிரட்டைக்கரியும் தோடும் மாற்றி மாற்றி அடுக்கி, கீழே கொல்லுப்பட்டறை ஊதுவிசிறி ஒன்றை வைத்து ஊதினேன். 900 டிகிரிக்கு அருகே போனால்தான் கார்பனேட் உடையும். கரி நிறம் செம்மையிலிருந்து ஆரஞ்சுக்குப் போகிற வரைக்கும் ஊத வேண்டும். கண்டிப்பாகத் திறந்த வெளியில். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாசனை கிடையாது.

ஒரு கிலோ தோடு 590 கிராம் ஆனது. முழுதும் உடைந்திருந்தால் 560 ஆகியிருக்கும், 440 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போயிருக்கும். போனது 410. அந்தக் கணக்குப்படி மிஞ்சியதில் நூற்றுக்கு 88 அல்லது 89 பங்கு சுட்ட சுண்ணாம்பு. தூக்குவாளியில் போட்டால் 10.9 டிகிரி ஏறி, நூற்றுக்கு 85 என்றது. தராசு கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்லும். தோட்டில் ஒட்டியிருந்த சதைப்பசையும் ஈரமும் எரிந்துபோன எடையையும் அது கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அளவைகள் இவ்வளவு பக்கத்தில் வந்ததில் எனக்குத் திருப்தி.

எரிபொருள் கணக்குதான் வயிற்றெரிச்சல். அந்தக் கார்பனேட்டை உடைக்க வேதியியல் கேட்டது சுமார் 1.7 மெகாஜூல். நான் எரித்தது இரண்டு கிலோ சிரட்டைக்கரி. கிலோவுக்கு 28 மெகாஜூல் என்று குறைவாகவே வைத்தாலும் 56 மெகாஜூல். நூற்றுக்கு மூன்று பங்குதான் சுண்ணாம்புக்குள் போனது, மீதி முற்றத்துக்கும் முருங்கை மரத்துக்கும். பெரிய சூளைகள் இதைவிட எவ்வளவோ சிக்கனம். சின்ன அடுப்பின் குணம் இப்படி.

அந்த மூன்று பங்குதான் அண்ணாச்சி சொன்ன தீ. பழைய ஐரோப்பிய வேதியியலாளர்களும் கிட்டத்தட்ட அவரைப் போலவேதான் நினைத்தார்கள்: சுண்ணாம்பின் காரமும் சூடும் சூளையிலிருந்து உள்ளே புகுந்த நெருப்புத் துகளால் வருவதாக. ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக் 1756-ல் வெளியிட்ட ஆய்வில் இதை மாற்றினார். எடை போட்டுப் பார்த்து, சுடும்போது உள்ளே எதுவும் புகவில்லை, ஒரு வாயு வெளியேறுகிறது, அதை இழந்ததால்தான் காரம் வருகிறது என்று காட்டினார். இன்று கார்பன் டை ஆக்சைடு என்று சொல்கிறோமே, அந்த வாயு. எடையைப் பொறுத்தவரை பிளாக் சொன்னதே சரி. ஆற்றலைப் பொறுத்தவரை கொத்தனாரும் தப்பில்லை: வாயுவைப் பிரிக்கக் கொடுத்த வெப்பம் பிரிந்து நிற்கும் நிலையிலேயே முடங்கிக் கிடக்கிறது. சேரும்போதுதான் திரும்பி வரும்.

அப்படியானால் முழுதும் திரும்பி வருகிறதா? ஒரு மோல் கார்பனேட்டை (100 கிராம்; உடைந்தால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு) உடைக்க 178 கிலோஜூல் தேவை. வாளியில் திரும்பி வந்ததோ 65. மீதி 113?

அக்கா மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். நான் தாளில் கிறுக்கியதைப் பார்த்துவிட்டு, “மாமா, இதுதான எங்க பாடத்துல வர ஹெஸ் விதி” என்றாள். அதேதான். ஒரு வினையை நேராகச் செய்தாலும் பல படிகளாகச் செய்தாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்று ஜெர்மைன் ஹெஸ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1840-ல் சொன்னார். கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவு தண்ணீரில் நீர்க்கவைத்து, அப்புறம் அம்மோனியாவால் நடுநிலையாக்கி, நீர்க்கும்போது வந்த வெப்பத்தையும் நடுநிலையாகும்போது வந்ததையும் கூட்டினால் எப்போதும் ஒரே தொகை வருவதைப் பார்த்துச் சொன்னது. நமக்கு அதில் என்ன லாபம் என்றால், 900 டிகிரியில் நடப்பதையும் சுவருக்குள் வருடக்கணக்கில் நடப்பதையும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு குவளையில் அளக்கலாம்.

வழி இதுதான். சுட்ட சுண்ணாம்பு, நீறிய சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் தனித்தனியே ஒரே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால், மூன்றும் கடைசியில் கால்சியம் குளோரைடுக் கரைசலாகவே முடியும். போய்ச் சேரும் இடம் ஒன்று. ஆகவே வெளிவரும் வெப்பங்களின் வித்தியாசம் கிளம்பிய இடங்களின் வித்தியாசம். நாகர்கோவிலில் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் மூன்றையும் சுத்தமான தரத்தில் வாங்கினேன், தோட்டுப் பொடியை இதில் நம்ப முடியாது. ஒரு தெர்மோகோல் கப்பை இன்னொன்றுக்குள் சொருகி, 250 மில்லி ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) அமிலம். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு மோல்: சுட்டது 5.6 கிராம், நீறியது 7.4 கிராம், கல் 10 கிராம். மூன்றுக்கும் அமிலம் மிஞ்சும். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரைத்து வழியும்.

சுட்ட சுண்ணாம்பு 17.6 டிகிரி ஏற்றியது. நீறியது 11.6. கல் நுரைத்துத் தள்ளியதே தவிர 1.3-க்கு மேல் ஏறவில்லை. கப்புக்குள் இருந்ததற்கு டிகிரிக்கு 1.06 கிலோஜூல் என்று வைத்து மோலுக்கு மாற்றினால் முறையே 187, 123, 14.

இப்போது கழித்துப் பாருங்கள். சுட்டதற்கும் கல்லுக்கும் வித்தியாசம் 173: சூளையில் கொடுக்க வேண்டிய வெப்பம். புத்தகம் 178 என்கிறது. சுட்டதற்கும் நீறியதற்கும் 64: வாளியில் வருவது, புத்தகத்தில் 65. நீறியதற்கும் கல்லுக்கும் 109: நீறிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக் கல்லாகும்போது வர வேண்டியது, புத்தகத்தில் 113. சூளையையே பார்க்காமல் சூளையின் கணக்கை நூற்றுக்கு மூன்று பிழைக்குள் கொண்டுவந்துவிட்டது தெர்மோகோல் கப்.

ஆக, சூளையில் வாங்கிய கடனைச் சுண்ணாம்பு இரண்டு தவணையில் அடைக்கிறது. முதல் தவணை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், வாளியில் சில நிமிடத்தில். மிச்சம் சுவரில், மெதுவாக.

இதைத் தெரிந்துகொண்டு நீற்றும் தொட்டியைப் பார்த்தால் அண்ணாச்சியின் கைப்பழக்கம் புரிகிறது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு எடையில் மூன்று பங்கு தண்ணீர். அதுவும் முதலிலேயே முழுதும் ஊற்ற மாட்டார். எங்கள் 79 சதவீதச் சுண்ணாம்புக்குக் கணக்குப் போட்டால், மூன்று மடங்கு தண்ணீரில் 70 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். 29-ல் தொடங்கினால் சரியாகக் கொதிநிலைக்கு வந்து நிற்கிறது. ஐந்து மடங்கு ஊற்றினால் 70-75 டிகிரியில் அடங்கிவிடும். கொதிக்கும் சூட்டில் நீறினால் துகள் மிக நுண்ணியதாக வரும், விழுது வெண்ணெய் போல வழவழக்கும். குளிர்ந்த தண்ணீரில் மூழ்கடித்தால் துகள் பெரிதாகி, விழுது மணல் மணலாக நிற்கும். அவர் இதற்கு “தண்ணிய கூட்டினா சுண்ணாம்பு வெறச்சுப் போவும்” என்று மட்டும் சொல்கிறார்.

20 கிலோ நீற்றினோம். அதிலிருந்து வந்த வெப்பம் 18 மெகாஜூல், மின்சாரக் கணக்கில் 5 யூனிட். 60 லிட்டர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காணும். தொட்டி பக்கம் நின்றால் தெரியும். அதனால்தான் பிளாஸ்டிக் டிரம்மில் நீற்ற வேண்டாம் என்கிறேன். இரும்பு டிரம் அல்லது செங்கல் தொட்டி.

நீறியதும் வலைக்கண்ணில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி சில வாரம் ஊறப் போட்டோம். சூளையில் அதிகமாக வெந்த துண்டுகள் மிக மெதுவாகத்தான் நீறும். நீறும்போது பருமன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். சுவரில் பூசிய பிறகு ஒரு துணுக்கு உள்ளே நீறினால் அந்த இடம் காசு அளவுக்குப் பெயர்ந்து விழும். ஊறப்போடுவது அதற்காக.

பூச்சு: ஒரு பங்கு விழுது, மூன்று பங்கு கழுவிய மணல், பிசையும்போது கொஞ்சம் கருப்பட்டித் தண்ணீர். சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் முட்டை வெள்ளைக்கரு போட்டீர்களா என்று கேட்டார்கள். போடவில்லை.

அப்புறம் அந்த இரண்டாம் தவணை. சுவரைத் தொட்டால் சூடே தெரியாது. ஏன் என்று கணக்கே சொல்கிறது. அந்த 20 கிலோவில் இருந்த உயிர்ச் சுண்ணாம்பு முழுதும் கல்லாக மாறினால் வரும் வெப்பம் 32 மெகாஜூல். தொட்டியில் வந்ததைவிட அதிகம். ஆனால் ஓராண்டில் மாறுகிறது என்று வைத்தால்கூட மொத்தச் சுவருக்கும் சேர்த்து ஒரு வாட்தான் வருகிறது. பிற்பகல் வெயில் ஒரு கையகலச் சுவரில் அதைவிட அதிகம் போடுகிறது. இதே வினையில் சுவர் காற்றிலிருந்து 12 கிலோ கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். சூளையில் அந்தச் சுண்ணாம்பிலிருந்து போன அதே அளவு. எரித்த கரியின் புகை இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், சுண்ணாம்பு காற்றைக் கெடுக்காத பொருள் என்று பேசுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு ஆழத்துக்குக் கல்லாகியிருக்கிறது என்று பார்க்க மஞ்சள் போதும். பூச்சின் ஓரத்தில் ஒரு சில்லை உடைத்து, உடைந்த முகத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தடவினால், இன்னும் நீறிய சுண்ணாம்பாகவே இருக்கும் பகுதி ஆரத்தித் தட்டு நிறத்துக்குச் சிவக்கும். கல்லான பகுதி மஞ்சளோடு நிற்கும், கூடிப்போனால் லேசாக ஆரஞ்சு. வடகிழக்கு மழை முடிந்து பார்த்தபோது வெளிப்பக்கம் சில மில்லிமீட்டர் மஞ்சள், உள்ளே நல்ல சிவப்பு. கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஈரத்தில் கரைந்துதான் வேலை செய்யும். எலும்புவரை காய்ந்த பூச்சிலும் நடக்காது, தண்ணீர் சொட்டும் பூச்சிலும் நடக்காது. கோடையில் வாரம் ஒருமுறை கைப்பம்பில் தண்ணீர் தெளிக்கிறோம்.

பெயின்ட் கடையில் எமல்ஷன் அடிக்கச் சொன்னார்கள். உள்ளே இவ்வளவு சிவப்பு இருக்கும்போது பிளாஸ்டிக் படலம் போட்டால் காற்று போகும் வழி அடைபட்டுவிடும், ஈரம் வெளியேறும் வழியும்கூட. வெள்ளைச் சுண்ணாம்பே மூன்று தடவை மெல்லிசாக அடித்தோம். மிஞ்சிய விழுது டிரம்மில், மேலே தண்ணீர் நிற்க, மூடிக் கிடக்கிறது. காற்றுப் படாதவரை கெடாது. அக்கானி (பதநீர்) காலம் வந்தால் கலயத்தில் தடவக் கொஞ்சம் வேண்டும் என்று பக்கத்துப் பனையேறி அண்ணன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.